பீரோ டிவியில் படம் கெட்டால் எங்கே பார்ப்பது? அறிகுறியை வைத்து ஒரு வழிமுறை

கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் சில வீட்டுக் கூடங்களில் இன்னமும் அது நிற்கிறது. ஆள் மார்பு உயரம், பின்பக்கம் கூன் விழுந்த மாதிரி ஒரு சரிவு, நகர்த்த நாலு பேர் வேண்டும். துபாயிலும் சவூதியிலும் இருந்த சபராளிகள் மரப்பெட்டியில் அடைத்து அனுப்பிய ப்ரொஜெக்‌ஷன் டிவி. நான் ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு கடையில் கையாளாகச் சேர்ந்தபோது முதலாளி அதற்கு வைத்திருந்த பெயர் பீரோ டிவி. இங்கேயும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது யாரும் இதைத் தயாரிப்பதில்லை. கடைசிவரை தாக்குப்பிடித்த மிட்சுபிஷியும் 2012 டிசம்பரில் நிறுத்திக்கொண்டது. கம்பெனி ஆள் வருவார் என்று காத்திருந்து பலனில்லை. வீட்டுக்காரர் பாதி, பழைய டிவி பார்க்கத் தெரிந்த மெக்கானிக் பாதி என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சாதாரண டிவியில் படம் திரையிலேயே பிறக்கிறது. இதில் அப்படி இல்லை. உள்ளே சின்னதாகப் பிறந்து, லென்ஸில் பெரிதாகி, பெரிய கண்ணாடியில் பட்டுத் திரும்பி, திரையின் முதுகில் வந்து விழுகிறது. ராமநாதபுரத்தில் கிளம்பிய பஸ் தங்கச்சிமடம் வந்து சேரவில்லை என்றால், உச்சிப்புளியில் நின்றதா மண்டபத்தில் நின்றதா பாம்பனில் நின்றதா என்றுதானே விசாரிப்போம். இங்கேயும் அதேதான். வெளிச்சம் எந்த நிறுத்தத்தில் கெட்டது என்று கேட்டுக்கொண்டே போனால், ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன்பே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். நம் கரையோரத்தில் அதில் கணிசமானது போர்டில் இருக்காது. உப்பும் தூசியும் வழியை அடைத்திருக்கும்.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

ஆன் செய்து பாருங்கள். விசிறிச் சத்தம் இல்லாமல் பத்துப் பதினைந்து வினாடியில் படம் வந்தால் அது டியூப் வகை. சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக மூன்று சின்ன பிக்சர் டியூப்கள் அடியில் வரிசையாக இருக்கும். பெரும்பாலும் 7 அங்குலம். இங்கே வந்து இறங்கியவற்றில் அதிகம் இதுதான்.

விசிறி ஓடுகிறது, படம் மெல்ல மெல்லப் பிரகாசமாகிறது, ஆஃப் செய்த பிறகும் விசிறி கொஞ்ச நேரம் சுற்றுகிறது என்றால் அது லேம்ப் வகை. அதிலேயே இரண்டு உண்டு. ஒன்று எல்.சி.டி. மூன்று குட்டிப் பலகைகளில் மூன்று நிறமும் தனித்தனியாகப் படமாகி, ஒரு பட்டகத்தில் ஒன்றுசேரும். இன்னொன்று டி.எல்.பி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987-ல் கண்டுபிடித்த சில்லு அது. நகக்கண் அளவு இடத்தில் லட்சக்கணக்கான குட்டிக் கண்ணாடிகள், ஒவ்வொன்றும் இப்படியும் அப்படியும் சாய்ந்து வெளிச்சத்தை லென்ஸுக்கு அனுப்பும், அல்லது ஒதுக்கும்.

திறக்கும் முன் ஒரு பேச்சு

டியூப் வகையில் ஒவ்வொரு டியூபுக்கும் சுமார் 30,000 வோல்ட் போகிறது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் அந்தச் சார்ஜ் உள்ளே உட்கார்ந்திருக்கும். வீட்டுக்காரர்கள் முன்பக்கத் திரையைக் கழற்றித் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவும் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு. பின்மூடி மெக்கானிக்குக்கு. அவரும் டியூபை எர்த் செய்து டிஸ்சார்ஜ் பண்ணாமல் கை வைக்கக்கூடாது.

"எழுத்துக்குப் பக்கத்துல செவப்பும் நீலமும் தனியா ஓடுது"

நூற்றுக்கு அறுபது எழுபது புகார் இதுதான் என்று முதலாளி சொல்வார். கணக்குப் பார்த்துச் சொன்னதில்லை, ஆனால் என் அனுபவமும் அதுதான்.

கீழக்கரையில் ஒரு காக்கா (அங்கே அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவார்கள்) வீட்டுக்குப் போனேன். செய்தி ஓடுகிற பட்டியில் வெள்ளை எழுத்துக்கு மேலே சிவப்புக் கோடு, கீழே நீலக் கோடு. கேபிள்காரரை மூன்று தடவை வரவழைத்துச் சண்டை போட்டிருக்கிறார். கேபிள் மேல் குற்றமில்லை என்பதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஆன்டெனாவிலோ கேபிளிலோ வருகிற நிழல், படத்தின் அதே நிறத்தில் வலப்பக்கம் தள்ளி விழும். 1982-ல் ரூபவாஹினி தொடங்கிய பிறகு மாடிக்கு மேலே இரும்புக் குழாயை நட்டு இலங்கைப் பக்கம் ஆன்டெனா திருப்பினவர்களுக்கு அந்த நிழல் நன்றாகத் தெரியும். தனி நிறமாகப் பிரிந்து தெரிந்தால் கோளாறு வீட்டுக்குள்தான். டிவியின் மெனுவைத் திறந்து அந்த எழுத்தைப் பாருங்கள். மெனு எழுத்திலும் நிறம் பிரிந்திருந்தால் கேபிள்காரரை விட்டுவிடலாம்.

இது எதனால்? நடுவில் இருக்கிற பச்சை டியூப் திரையை நேராகப் பார்க்கிறது. சிவப்பும் நீலமும் இரண்டு ஓரத்திலிருந்து சாய்வாகப் பார்க்கின்றன. சாய்வாக அடித்த படம் ஒரு பக்கம் விரிந்து ஒரு பக்கம் குறுகும். சுவரில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் வட்டம் முட்டையாவது போல. அந்தக் கோணலை நிமிர்த்த ஒவ்வொரு டியூபின் கழுத்திலும் கூடுதலாக ஒரு சுருள் இருக்கிறது. அதற்குக் கன்வர்ஜன்ஸ் யோக் என்று பெயர். மூன்று டியூப், ஒவ்வொன்றுக்கும் மேல்கீழ் ஒன்று, இடவலம் ஒன்று. ஆக ஆறு வழியில் மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதைத் தருவது பெரும்பாலும் இரண்டு தடித்த ஐசிகள், ஒன்றுக்கு மூன்று வழி. ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கரை ஓட்டுகிற எஸ்.டி.கே. ஐசியின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிவி ஓடும் நேரமெல்லாம் சுட்டுக்கொண்டே இருக்கும். முதலில் சாவதும் அதுதான்.

சரி, எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஆன் செய்த புதிதில் மட்டும் விலகி, அரை மணி நேரத்தில் தானே சேர்ந்துகொண்டால் அது கோளாறே இல்லை. உள்ளே சூடு நிலைக்க அவ்வளவு நேரம் ஆகும். இதனால்தான் எந்தத் திருத்தமும் டிவி அரை மணியாவது ஓடிய பிறகே செய்ய வேண்டும். கடையைத் திறந்ததும் ஆன் பண்ணி உடனே திருகி, மத்தியானம் மறுபடி திருகி, நான் பட்ட பாடு போதும்.

திரை முழுக்க ஒரே அளவு கொஞ்சம் விலகியிருந்தால், ரிமோட் மெனுவில் கன்வர்ஜன்ஸ் என்று இருக்கும், அதில் போய்ச் சரிசெய்யலாம். நடுவில் ஒரு சிலுவைக் குறி வரும். பச்சையை அசைக்காதீர்கள், அதுதான் அளவுகோல். சிவப்பை நகர்த்திப் பச்சை மேல் உட்கார வைத்துவிட்டு அப்புறம் நீலத்தை அதே மாதிரி. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சிலுவை வெள்ளையாகிவிடும். டிவியை வேறு அறைக்கு மாற்றினாலும், அதே அறையில் வேறு திசைக்குத் திருப்பி வைத்தாலும் இதைச் செய்ய வேண்டியிருக்கும். பூமியின் காந்தப்புலம் டியூபுக்குள் ஓடுகிற எலக்ட்ரான் கற்றையைக் கொஞ்சம் தள்ளும். நம்பாதவர்கள் டிவியைக் கிழக்கிலிருந்து வடக்கே திருப்பிப் பார்க்கலாம்.

நேற்றுவரை நன்றாக இருந்து, இன்றைக்கு ஒரு நிறம் மட்டும் வில் மாதிரி வளைந்து, மெனுவில் எவ்வளவு நகர்த்தியும் ஓரம் சேரவில்லை என்றால், அந்த நிறத்துக்குப் போகிற ஐசி வழி செத்துவிட்டது, அல்லது அதோடு இருக்கிற சின்ன ஓம் ரெசிஸ்டர் எரிந்துவிட்டது. மூன்று நிறமும் சேர்ந்து கோணினால் அந்த போர்டுக்கு வருகிற சப்ளையைப் பாருங்கள். ஃபியூஸ் போயிருக்கும். இந்த நிலையில் தானாகச் சரிசெய்யும் பட்டனை அழுத்தாதீர்கள். சில மாடலில் கோணல் அளவையே நினைவில் பதித்துக்கொள்ளும். ஐசியை மாற்றின பிறகும் படம் நேராகாமல், தான் போட்ட ஐசி மேலேயே மெக்கானிக் சந்தேகப்படுவார்.

மெக்கானிக்குகளுக்கு: முதலில் ஐசி கால்களைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சூடும் குளிரும் மாறி மாறிச் சால்டரில் காலைச் சுற்றி வளையமாக வெடிப்பு விட்டிருக்கும். மறுசால்டரிங்கிலேயே எழுந்த டிவிகள் உண்டு. ஐசி மாற்றுவதானால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று போனால் மற்றதும் அதே சூட்டில்தான் வெந்திருக்கிறது. ஹீட் சிங்க் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவுங்கள், பழையது சுண்ணாம்பாகக் காய்ந்திருக்கும். சுற்றியிருக்கிற சின்ன ரெசிஸ்டர்களில் ஒரு காலைக் கழற்றி அளவெடுங்கள், போர்டில் வைத்தே அளந்தால் மீட்டர் பொய் சொல்லும். மலிவாகக் கிடைக்கிற போலி ஐசி இரண்டு மாதம்கூடத் தாங்காது. நானே ஒரு வீட்டில் அதைப் போட்டுக்கொடுத்து, திரும்பக் கூப்பிட்டபோது தலைகுனிந்து போயிருக்கிறேன். எலக்ட்ரான் கற்றையைத் திரை முழுக்க ஓட்டுகிற டிஃப்ளெக்‌ஷன் யோக்கின் பிளக் கழன்றிருக்கும்போது மட்டும் ஆன் பண்ணிவிடாதீர்கள். கற்றை ஒரே இடத்தில் நின்றால் டியூப் முகத்தில் ஒளிர்கிற பூச்சு, அதாவது பாஸ்பர், அங்கேயே வெந்துவிடும்.

"படம் புகை மூட்டமா இருக்கு"

இதற்குத்தான் நம் பக்கத்தில் தேவையில்லாமல் அதிகப் பணம் போகிறது. டியூப் வீக்காகிவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். சினிமா முடிந்து கறுப்புத் திரையில் வெள்ளைப் பெயர்கள் ஓடும்போது பாருங்கள். எழுத்தைச் சுற்றி நிலாவுக்குக் கோட்டை கட்டின மாதிரி வெளிச்ச வளையம் தெரிகிறதா? அந்த வளையம் என்ன நிறம்?

வெள்ளையாக, எல்லா நிறமும் கலந்து தெரிந்தால் குற்றம் எல்லாருக்கும் பொதுவான நிறுத்தத்தில் இருக்கிறது. பெரிய கண்ணாடியில் அல்லது லென்ஸ்களின் தலையில் தூசி. ஒரே நிறத்தில், முக்கியமாகப் பச்சையாகவோ சிவப்பாகவோ வளையம் தெரிந்தால் அந்த ஒரு டியூபின் முன்னால் அடைத்திருக்கிற குளிர்விக்கும் திரவம், அதாவது கூலன்ட், கலங்கியிருக்கிறது. நீலம் கொஞ்சம் மழுங்கலாக இருந்தால் அதை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீல பாஸ்பரிலிருந்து போதுமான வெளிச்சம் எடுக்க, தயாரிக்கும்போதே அதை ஓரளவு ஃபோகஸ் தளர்த்தி விடுவது வழக்கம்.

தூசி என்றேன். சோளகக் காற்று காலத்தில் ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் வீட்டு ஜன்னல் கம்பியை விரலால் தடவி நாக்கில் வையுங்கள், கரிக்கும். அந்த உப்புத்தூள் டிவியின் காற்றோட்டத் துளை வழியாக உள்ளே போய்க் கண்ணாடியில் உட்காருகிறது. வாடை மாதங்களில், மழை ஈரத்தில் அது தண்ணீரை இழுத்துப் பசையாகிறது. வெயிலில் காய்ந்து படலமாகிறது. மறுபடி ஈரம். வருஷக்கணக்கில் இப்படிப் படிந்தது சாதாரணத் தூசி மாதிரி ஊதினால் போகாது.

இந்தக் கண்ணாடி முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரியும் இல்லை. அதில் பூச்சு பின்பக்கம் இருக்கும், முன்னால் கண்ணாடி காவல். இதில் அலுமினியப் பூச்சு முன்பக்கமே இருக்கிறது, இல்லாவிட்டால் ஒரு படம் இரண்டாகத் தெரியும். காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் உப்புக் கல்லே உப்புத்தாள் வேலை செய்துவிடும். முதலில் காற்றடிக்கும் ரப்பர் பல்பால் ஊதுங்கள். அப்புறம் மிக மிருதுவான பிரஷ்ஷால் மேலிருந்து கீழே ஒரே திசையில் தள்ளுங்கள். மிச்சப் படலத்துக்கு, பேட்டரிக் கடையில் விற்கிற டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த பழைய மல் துணி. போர் தண்ணீர் வேண்டாம். நம் ஊர்த் தண்ணீர் காய்ந்தால் என்ன ஆகும் என்று உங்கள் பாத்ரூம் குழாயே சொல்லும். கண்ணாடி துடைக்கிற நீலத் திரவமும் வேண்டாம், அதிலிருக்கிற அமோனியா பூச்சையும் பிளாஸ்டிக் லென்ஸையும் கெடுக்கும்.

லென்ஸைத் துடைத்த பிறகு, பிளக்கை மாட்டாமலேயே, ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் டியூபின் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். அரிசி கழுவின தண்ணீர் மாதிரி கலங்கலாகவோ, நூல் நூலாகப் பூஞ்சணம் மிதந்தோ தெரிந்தால் அது கூலன்ட். எத்திலீன் கிளைகாலும் கிளிசரினும் கலந்த திரவம். டியூபின் முகத்துக்கும் லென்ஸுக்கும் நடுவில் அடைத்திருக்கிறார்கள். வேலை இரண்டு. சுடுகிற கண்ணாடியைக் குளிர வைப்பது ஒன்று. நடுவில் காற்று இருந்தால் வெளிச்சம் சிதறும், அதைத் தடுப்பது இன்னொன்று. கலங்கினதை வடித்து, அறையைக் கழுவி, புதிதாக நிரப்பலாம். குமிழி நிற்கக் கூடாது. பொறுமைக்காரர் வேலை.

திரையைக் கழற்றுகிறவர்களுக்கு

துடைப்பதைப் பேசும்போதே இதையும் சொல்லிவிட வேண்டும். திரை ஒரே தகடு அல்ல, குறைந்தது இரண்டு. உள்பக்கம் இருப்பது ஃபிரெனல் லென்ஸ். நகத்தால் தடவினால் இசைத்தட்டு மாதிரி வட்ட வட்டமாக வரி தெரியும். விரிந்து வருகிற வெளிச்சத்தை நேராக்கி நம் பக்கம் அனுப்புவது அது. வெளிப்பக்கத் தகட்டில் நெட்டுக்குத்தாக மெல்லிய கோடுகள். வெளிச்சத்தை இடவலமாக விரித்து, ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் படத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. கழற்றும்போது எது முன், எது பின், எந்த முகம் எந்தப் பக்கம் என்று மூலையில் ஒரு டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். தப்பாக மாட்டினால் நடுவில் மட்டும் வெளிச்சப் பொட்டும் ஓரமெல்லாம் இருட்டுமாக இருக்கும். டியூப் போச்சு என்று நினைத்துக்கொள்வீர்கள்.

தேவிபட்டினத்தில் ஒரு வீட்டில் இரண்டு தகட்டையும் சோப்புப் போட்டுக் கழுவி, மொட்டைமாடிச் சுவரில் சாய்த்து வெயிலில் காயவைத்திருக்கிறார்கள். ஃபிரெனல் தகடு என்பது ஒரு ராட்சத பூதக்கண்ணாடி. மத்தியானம் வெயில் அதில் விழுந்து, மூன்று நாலடி தள்ளிக் கட்டியிருந்த கொடிக்கயிற்றில் குவிந்துவிட்டது. கயிறு புகைந்து அறுந்து, காயப்போட்ட சாளைக் கருவாடு முழுக்கத் தரையில். "தம்பி, டிவி கண்ணாடி கருவாட்டைச் சுட்டுப்புடுச்சு" என்று அந்த வீட்டு ஆச்சி போனில் சொன்னபோது எனக்கு முதலில் புரியவில்லை. கயிற்றோடு போனது அதிர்ஷ்டம், ஓலைக் கொட்டகையாக இருந்திருந்தால்? கழற்றின தகட்டை நிழலில் வைத்து, போர்வை போட்டு மூடுங்கள். வெயிலில் தகடு நெளிந்தும் போகும். நெளிந்தது நிமிராது.

"படமே மஞ்சளா இருக்கு"

நிறக் கணக்கு எளிது. நீலம் போனால் படம் மஞ்சள். சிவப்பு போனால் பச்சை நீலம் கலந்த வெளிறல். பச்சை போனால் மெஜந்தா, அதாவது ரோஸும் ஊதாவும் கலந்த நிறம். படத்தில் என்ன நிறம் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, எது இல்லை என்று கண்டுபிடியுங்கள்.

மெக்கானிக் பின்னால் பார்க்க வேண்டியது அந்த டியூபின் கழுத்து. உள்ளே ஹீட்டர் செம்மஞ்சளாக எரிகிறதா? எரியவில்லை என்றால் அந்தச் சின்ன போர்டின் சாக்கெட்டில் உப்புப் பூத்து இணைப்பு விட்டிருக்கும். கரையோர வீடுகளில் டியூபைச் சந்தேகப்படும் முன் சாக்கெட்டைச் சந்தேகப்படுங்கள், பச்சைக் களிம்பு கண்ணுக்கே தெரியும். எரிகிறது, ஆனாலும் வெளிச்சமில்லை என்றால் வீடியோ டிரைவ், ஸ்கிரீன் வோல்டேஜ் என்று வரிசையாகப் போக வேண்டும்.

"டிவிக்கு அடியில பிசுபிசுனு எண்ணெய்"

எண்ணெய் அல்ல, மேலே சொன்ன கூலன்ட். சீல் இற்றுக் கசிகிறது. உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். கீழே இருக்கிற ஹை வோல்டேஜ் போர்டில் சொட்டினால் சின்னக் கசிவு பெரிய செலவாகிவிடும். அதைவிட முக்கியம், எத்திலீன் கிளைகால் விஷம். இனிப்பாக வேறு இருக்கும். பூனையும் தவழ்கிற பிள்ளையும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டு சோப்புத் தண்ணீரால் துடைத்தெடுங்கள்.

"ஆன் ஆகுது, டிக்குனு சத்தம், உடனே ஆஃப்"

டிவி தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது. ஏதோ ஒரு வோல்டேஜ் சரியில்லை, அதனால் படுத்துக்கொள்கிறது. திரும்பத் திரும்ப ஆன் செய்து அதை எழுப்பப் பார்க்காதீர்கள். மூன்று காரணம் பார்ப்பேன். ஒன்று, கன்வர்ஜன்ஸ் ஐசி ஷார்ட். இரண்டு, வீட்டு வோல்டேஜ். லைனின் கடைசியில் இருக்கிற வீடுகளில் சாயங்காலம் பல்பு மங்கும்போது டிவி படுப்பதும், நடுராத்திரியில் நன்றாக ஓடுவதும் அதனால்தான். நல்ல ஸ்டெபிலைசர் போட்டால் தீர்ந்தது.

மூன்றாவது கடலோரத்துக்கே உரியது. வீட்டில் எல்லாரும் வெளிநாட்டில், டிவி ஆறு மாதம் பூட்டின வீட்டில் கிடக்கிறது, ஐப்பசி மழையில் வந்து திறந்து ஆன் செய்கிறார்கள். ஹை வோல்டேஜ் ஒயர் மேல் படிந்த உப்பு ஈரத்தைக் குடித்து மின்சாரத்துக்குப் பாதை போட்டுக் கொடுத்திருக்கும். டிக் டிக் என்று சத்தம், இருட்டில் பார்த்தால் நீலப் பொறி, மூக்கைத் துளைக்கிற ஓசோன் வாடை. இப்படிப்பட்ட வீட்டில் டிவியை ஆன் செய்வதற்கு முந்தின நாளே ஜன்னலைத் திறந்து, பின்பக்கம் டேபிள் ஃபேன் ஓடவிடுங்கள். பொறி தெரிந்துவிட்டால் மெக்கானிக் வந்து சுத்தம் செய்து இன்சுலேஷன் பார்க்கும்வரை தொடாதீர்கள்.

"நடுவுல ஒரே ஒரு கோடு"

ஆஃப் செய்யுங்கள். கற்றையை மேலும் கீழும் ஓட்டுகிற வெர்டிகல் பகுதி போய்விட்டது. அப்படியே ஓடவிட்டால் மூன்று டியூபிலும் அந்தக் கோடு நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

லேம்ப் வகை: "சத்தம் வருது, படம் வரலை"

இனி சொல்வது லேம்ப் வகைக்கு. உள்ளே இருப்பது உயரழுத்த பாதரச விளக்கு. எரியும்போது அதற்குள் காற்றழுத்தத்தைப் போல 200 மடங்கு அழுத்தம். இரண்டு முனைகளுக்கு நடுவில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் இடைவெளியில் அந்த வெளிச்சம் எரிகிறது. ஆன் செய்ததும் டக் டக் என்று பற்றவைக்கப் பார்க்கிறது, மூன்று நாலு தடவை முயன்று முன்னால் சின்ன விளக்கு மினுக்கி நிற்கிறது என்றால் லேம்ப் வயதாகிவிட்டது, அல்லது அதைப் பற்றவைக்கிற பாலஸ்ட் போய்விட்டது. பற்றவைக்கும் சத்தமே இல்லையென்றால் பாலஸ்ட்டையும், லேம்ப் மூடியின் சுவிட்சையும் பாருங்கள். மூடி சரியாக மூடாவிட்டால் லேம்ப் எரியாது, அது பாதுகாப்புக்கு வைத்தது.

கரன்ட் போய் உடனே வந்தால் லேம்ப் எரியாது. பயப்பட வேண்டாம். சூடான விளக்கு உடனே பற்றாது, ஐந்து பத்து நிமிஷம் ஆறட்டும். ஆனால் அடிக்கடி இப்படி ஆனால் லேம்ப் ஆயுள் குறையும். விசிறி நின்றுபோய்ச் சூடு உள்ளேயே அடங்குவதால்தான். கரன்ட் போக்குவரத்து அதிகமுள்ள ஊரில் இந்த வகைக்கு ஒரு யு.பி.எஸ். செலவு நியாயமானது. புது லேம்ப் மாட்டும்போது உள்குழலை விரலால் தொடாதீர்கள், விரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் வெடிக்கும். வெடித்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள், பாதரச ஆவி.

லேம்ப் எரிகிறது, ஆனால் கொசு ரீங்காரம் மாதிரி சத்தம் நாளுக்கு நாள் ஏறுகிறது, பிறகு டிவி தானே அணைந்துபோகிறது என்றால், டி.எல்.பி.யில் கலர் வீல். ஒரே சில்லில் மூன்று நிறத்தையும் காட்ட, நிறக்கண்ணாடி பதித்த சின்னச் சக்கரம் நிமிஷத்துக்கு 7,200 சுற்று, சில மாடலில் அதற்கும் மேல் ஓடுகிறது. பேரிங் தேய்ந்தால் ரீங்காரம். சுற்றவில்லை என்று சென்சார் சொன்னதும் டிவி நின்றுவிடும். எண்ணெய் விடலாமா என்று கேட்பார்கள். விட்டால் சுழற்சியில் அந்த எண்ணெய் கண்ணாடியில் தெறிக்கும். சக்கரத்தையே மாற்றுவதுதான் வழி.

"வெள்ளைப் புள்ளியா மழை பெஞ்ச மாதிரி"

டி.எல்.பி. சில்லின் குட்டிக் கண்ணாடிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே ஒட்டிக்கொண்டன. வெளிச்சப் பக்கம் ஒட்டினது வெள்ளைப் புள்ளி, மறுபக்கம் ஒட்டினது கறுப்புப் புள்ளி. இன்றைக்குப் பத்து என்றால் அடுத்த மாதம் ஐம்பது. துடைத்துப் போகாது, சில்லை மாற்ற வேண்டும்.

எல்.சி.டி. வகையில் இப்படிப் புள்ளி மழை வராது, கறை வரும். வெள்ளைக் காட்சியில் மஞ்சளாகவும் இருட்டுக் காட்சியில் அதே இடம் நீலமாகவும் தெரிந்தால் நீல வெளிச்சம் போகிற வழியின் போலரைசர் (வெளிச்சத்தை வடிகட்டுகிற மெல்லிய தகடு) கருகியிருக்கிறது. மூன்று நிறத்தில் நீலம்தான் அதைச் சீக்கிரம் வாட்டும். காற்று ஃபில்டரை மாதாமாதம் தட்டி வைத்திருந்தால் இது தள்ளிப்போயிருக்கும். ஓரம் மங்கலான, அசையாத வட்டப்பொட்டு தெரிந்தால் பலகை மேல் தூசி, அதை ஊதி எடுத்துவிடலாம்.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாத இரண்டு

எழுந்து நின்றால் படம் இருட்டாகிறது, உட்கார்ந்தால் சரியாகிறது என்பார்கள். திரை வெளிச்சத்தை இடவலமாகத்தான் அதிகம் விரிக்கிறது, மேல்கீழாகக் குறைவு. பாயில் உட்கார்ந்து பார்க்கிற வீட்டுக்கு டிவியை உயரமான மேசையில் ஏற்றினால் எல்லாருக்கும் இருட்டுதான். தரையிலேயே இறக்கி வையுங்கள்.

அப்புறம், டியூப் வகையில் படத்தின் மூலையில் சேனல் சின்னம் எப்போதும் லேசாகத் தெரிவது. அது நிஜமாகவே கோளாறுதான், ஆனால் பழுது பார்க்க முடியாதது. ஒரே சேனலை வருஷக்கணக்கில் முழுப் பிரகாசத்தில் வைத்ததால் அந்த இடத்து பாஸ்பர் தேய்ந்துவிட்டது. கான்ட்ராஸ்டைப் பாதிக்கு இறக்கி வைத்தால் மேலும் தேய்வது குறையும். கடையிலிருந்து வந்தபோது வைத்திருந்த அளவு வீட்டுக்கு அதிகம்.

பழைய இரும்புக்காரரிடம் போடுவதானால்

கூலன்ட் கலங்கி, ஐசியும் போய், டியூபும் மங்கியிருந்தால் நான் செலவு செய்யச் சொல்ல மாட்டேன். பெட்டியின் மரத்தூள் பலகையே ஈரத்தில் உப்பியிருக்கும். அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவர் கடையில் சுத்தியலால் உடைக்கிற பையனுக்கு 30,000 வோல்ட்டும் தெரியாது, பாதரசமும் தெரியாது. மெக்கானிக்கை வைத்து டியூப்களை டிஸ்சார்ஜ் செய்து, கூலன்ட்டை ஒரு கேனில் வடித்து மூடி, லேம்ப் இருந்தால் முழுசாகக் கழற்றித் தனியாகச் சுற்றிக் கொடுங்கள். அந்தப் பெரிய கண்ணாடியை மட்டும் எனக்கு எடுத்து வையுங்கள், கீறல் இல்லாவிட்டால் அடுத்த டிவிக்கு ஆகும்.